கூட்டம் முட்டும் பள்ளியா, ஐந்து நிமிடப் பள்ளியா? இரண்டிலும் மகளைச் சேர்த்துப் பார்த்த கதை

எங்கள் வீடு வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கம். வாசலில் இறங்கி இடப்பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு தொடக்கப் பள்ளி. வலப்பக்கம் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னொன்று. இரண்டும் ஸ்டேட் ஸ்கூல், ஃபீஸ் கிடையாது. முதலாவதில் எப்போது போய்க் கேட்டாலும் இடம் இருக்கும். இரண்டாவதில் இடம் கேட்பது, தைப்பூசத்துக்கு முந்தின நாள் பழனியில் ரூம் கேட்பது மாதிரி. வசதிக்காக ஒன்றைப் பக்கத்துப் பள்ளி என்றும் மற்றதைக் கூட்டப் பள்ளி என்றும் சொல்லிக்கொள்கிறேன். மகள் 2021 செப்டம்பரில் பக்கத்துப் பள்ளியில் ரிசப்ஷன் வகுப்பில் (இயர் 1க்கு முந்தின, நாலு வயதுப் பிள்ளைகளுக்கான வகுப்பு) சேர்ந்து ஒரு டெர்ம், அதாவது ஒரு பருவம், படித்தாள். 2022 ஜனவரியில் கூட்டப் பள்ளிக்கு மாறினாள். இப்போது இயர் 4. எனவே நான் நடுநிலைமையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'அரசுப் பள்ளி' என்றதும் நம் சொந்தக்காரர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வருமே, அது இங்கே பொருந்தாது. இங்கிலாந்தில் நூற்றுக்குச் சுமார் 93 பிள்ளைகள் ஸ்டேட் ஸ்கூலில்தான் படிக்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் பஸ் ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் எழுத்தொலிப் பாடமான ஃபோனிக்ஸ் படிக்கிறார்கள்.

பாடத்திட்டம் இரண்டு பள்ளியிலும் ஒன்றுதான். சாப்பாடும் அப்படியே. ரிசப்ஷன் முதல் இயர் 2 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 2014லிருந்து மதிய உணவு இலவசம். லண்டனில் மேயர் அதை 2023 செப்டம்பரில் இயர் 6 வரை நீட்டிவிட்டார். என் மகளுக்கு இரண்டு பள்ளியிலும் பிடித்தது சுட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும், பிடிக்காதது அவர்கள் 'கறி' என்று சொல்லிப் போடுகிற மஞ்சள் குழம்பு. யூனிஃபார்ம் நிறம் மட்டும் வேறு. இதையெல்லாம் ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் இடம் கிடைக்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15, முடிவு வருவது ஏப்ரல் 16. லண்டனில் 6 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா அக்கறையாகச் சொன்னார்: "ஒண்டை மட்டும் போடுங்கோ தம்பி, வேற போட்டால் அதைத்தான் தருவினம்." தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் ஒரு பள்ளியை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதைப் பார்த்து யாரும் இடம் ஒதுக்குவதில்லை. விதிப்படி எந்தெந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் வருகிறது என்று முதலில் பார்ப்பார்கள். அவற்றில் உங்கள் வரிசையில் மேலே இருப்பதைத் தருவார்கள். ஒன்றை மட்டும் எழுதி அதுவும் கிடைக்காவிட்டால், எங்கே காலி இருக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான்.

கூட்டப் பள்ளியில் ரிசப்ஷனுக்கு 60 இடம். அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு முதல் உரிமை. அடுத்து, ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள். எங்கள் ஆண்டில் அவர்களே 33 பேர். மிச்சம் இருந்ததை வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரத்தை வைத்துப் பங்கிட்டார்கள். கடைசியாக இடம் வாங்கிய பிள்ளையின் வீடு 0.43 மைல், எங்கள் வீடு 0.58. நடுவில் இரண்டு தெரு, ஒரு பூங்கா, அவ்வளவுதான். அப்பீல் போகலாமா என்று யோசித்தோம். ஆனால் இயர் 2 வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதால், இந்த வயதில் அப்பீல் ஜெயிப்பது அபூர்வம். பேசாமல் வெயிட்டிங் லிஸ்டில் பேரைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்குச் சம்மதம் சொன்னோம்.

வெயிட்டிங் லிஸ்ட் ரேஷன் கடை வரிசை மாதிரி இல்லை. ஜூனில் 7ஆவது இடம், ஆகஸ்டில் 9. நமக்குப் பின்னால் வந்தவர் நம்மைவிடப் பள்ளிக்குக் கிட்டே குடிவந்தால் நமக்கு முன்னால் போய்விடுவார். தினமும் போன் பண்ணிக் கேட்காதீர்கள், அந்த எண் உங்கள் கையில் இல்லை. கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பமும், வீடு வாங்கி வேறு ஊர் போன இன்னும் சிலரும் எங்களுக்கு வழிவிட்டார்கள்.

இனி ஒப்பீடு. மார்க்கில் தொடங்கினால் கூட்டப் பள்ளிதான் மேல், சந்தேகமில்லை. இயர் 6 முடிவில் சாட்ஸ் தேர்வு இருக்கிறது. மதிப்பெண் 80 முதல் 120 வரை, 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். கூட்டப் பள்ளியில் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்தப் பள்ளியைச் சுற்றி வீடு வாங்கக் கையில் காசு இருக்கிறவர்களின் பிள்ளைகள், மூன்று வயதிலேயே வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள், மாலையில் ட்யூஷன் போகிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எடுத்த மார்க் அது. பள்ளி எவ்வளவு சேர்த்தது, வீடு எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துக் காட்டுகிற முன்னேற்றக் கணக்கு கொஞ்ச காலமாகவே இல்லை. கோவிட் காரணமாக 2020, 2021இல் இயர் 2 தேர்வுகள் நடக்கவில்லை, அதனால் 2024, 2025இல் ஒப்பிட அடிப்படையே இல்லாமல் போயிற்று. 2021 செப்டம்பரில் ரிசப்ஷன் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு சின்ன மதிப்பீடு வைத்தார்கள். என் மகளின் செட்தான் அந்த முதல் செட். அந்த மதிப்பீட்டை வைத்துப் போடுகிற கணக்கு, அவர்கள் இயர் 6 முடிக்கிற 2028இல்தான் தெரியும்.

பள்ளிகளைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வறிக்கையும் அப்படித்தான். 'அவுட்ஸ்டாண்டிங்' என்று பெரிய பேனரை வேலியில் கட்டி வைத்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைத் தீர்ப்பையே 2024 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். பேனரில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள்.

அப்படியானால் கூட்டப் பள்ளியின் பக்கம் நான் ஏன் சாய்கிறேன்? வகுப்பு நிரம்பியிருக்கிறது, அதற்காகத்தான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். எனக்கும் முதலில் இது உறைக்கவில்லை. பக்கத்துப் பள்ளியைச் சுற்றிப் பார்த்தபோது, வகுப்பில் 19 பிள்ளைகள்தான் என்று தலைமை ஆசிரியை சொன்னதும் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பதினொரு பேர் குறைவு! ஆசிரியரின் கவனம் அவ்வளவும் நம் பிள்ளைக்குத்தானே?

கணக்கு வேறு மாதிரி. இங்கே பள்ளிக்குப் பணம் பிள்ளைத் தலையை எண்ணித்தான் வருகிறது. அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை தலைக்கணக்கு எடுப்பார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். பக்கத்துப் பள்ளியில் ரிசப்ஷனில் மொத்தம் 38 பேர். சட்டப்படி ஒரே ஆசிரியரிடம் விட முடியாது, இரண்டு பேர் வேண்டும். கூட்டப் பள்ளியில் 60 பேர், அங்கேயும் இரண்டே ஆசிரியர். சம்பளம் அதே, ஹீட்டர் பில் அதே, கூரை ஒழுகினால் செலவும் அதே. ஆனால் ஒரு பள்ளிக்கு 38 பிள்ளைகளின் பணம், மற்றதற்கு 60 பிள்ளைகளின் பணம். அந்த 22 பிள்ளைகளின் இடைவெளியை எங்கே வெட்டி நிரப்புவார்கள்? ஆசிரியரை வெட்ட முடியாது. டீச்சிங் அசிஸ்டன்டை வெட்டுவார்கள்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் டெர்மில் மகளின் வகுப்பில் ஓர் உதவி ஆசிரியை இருந்தார், கழுத்தில் எப்போதும் ஒரு விசிலும் பாக்கெட்டில் டிஷ்யூவும். காலையில் அழுகிற பிள்ளையைக் கதவருகே வாங்கிக்கொள்பவர் அவர்தான். மகள் கோட்டின் ஜிப் சிக்கினால் மண்டியிட்டு உட்கார்ந்து, தானே எடுத்துவிடாமல், "நீ இழு, நான் பிடிச்சுக்கிறேன்" என்கிற தினுசில் சொல்லிக்கொடுப்பார். கிறிஸ்துமஸ் லீவோடு அவர் போய்விட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. 19 பேர் வகுப்பில் தனி ஆளாக நிற்கும் ஆசிரியைக்கும், 30 பேர் வகுப்பில் உதவியாளோடு நிற்கும் ஆசிரியைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் விளங்கியது. கூட்டப் பள்ளியில் மகளுக்கு ரிசப்ஷனில் இருந்த உதவி ஆசிரியை இன்னும் அங்கேதான் இருக்கிறார், வாசலில் பார்த்தால் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இது அங்கே நின்றுவிடவும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்க்கை இன்னும் குறைந்தது. இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள், அப்புறம் இயர் 1ஐயும் இயர் 2ஐயும் கலந்து உட்கார வைத்தார்கள். கலப்பு வகுப்பே தப்பு என்று சொல்லவில்லை, நம் ஊர்க் கிராமப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் யோசித்துச் செய்வது வேறு, காசில்லாமல் செய்வது வேறு. லண்டனில் பிறப்பு எண்ணிக்கையே குறைந்துகொண்டு வருகிறது. ஹாக்னி, கேம்டன், லாம்பெத் பகுதிகளில் தொடக்கப் பள்ளிகளை மூடியும் இணைத்தும் இருக்கிறார்கள். பாதி காலியாக இருக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இதையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆகவே பள்ளி பார்க்கப் போனால் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் கேளுங்கள்: இந்த ஆண்டு ரிசப்ஷனில் எத்தனை பேர், போன ஆண்டு எத்தனை பேர், மொத்த இடம் எத்தனை?

கூட்டப் பள்ளியில் குறை இல்லாமலில்லை. ஆஃப்டர் ஸ்கூல் கிளப்புக்கு ஆன்லைனில் இடம் திறந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகிய கை இருந்தால் நல்லது. பெற்றோர் சந்திப்பு 10 நிமிடம், மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். போட்டியும் கூடுதல். இயர் 4இல் வாய்ப்பாட்டுச் சோதனை ஒன்று உண்டு: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. 'வாய்ப்பாடா, அது நம்ம ஏரியா' என்று நான் மெத்தனமாக இருந்தேன். இந்த வயதில் நானும் 16 வரை ஒப்பித்தவன்தான். ஆனால் மகளின் வகுப்பில் பாதிப் பேர் செப்டம்பரிலேயே 12 x 12 முடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் படித்த அன்று மனைவி சமையலறைச் சுவரில் சார்ட் ஒட்டினாள். அமைதியான, சற்று மெதுவான பிள்ளைக்கு இந்த வேகம் ஒத்துவருமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். என் மகள் வாயாடி, அவளை வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியாது.

பக்கத்துப் பள்ளியில் மகளுக்கு அமைந்த ஒரு தோழி இங்கே இன்னும் அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாறிய முதல் வாரம் ராத்திரி அவள் பேரைச் சொல்லி அழுதாள். இன்றைக்கும் சனிக்கிழமை பூங்காவில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அந்தத் தோழி பக்கத்துப் பள்ளியிலேயே தொடர்கிறாள், நன்றாகவும் படிக்கிறாள். நான் அங்கே பார்த்தது ஒரே ஒரு டெர்ம், அதுவும் ரிசப்ஷன் மட்டும். மேல் வகுப்புகளைப் பற்றி அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிரைவேட் பள்ளி? ஆசை விட்டுப்போகாமல் சென்ற ஆண்டு ஒன்றுக்கு ஓபன் டே போனோம். நீச்சல் குளம், லத்தீன், வகுப்புக்கு 16 பேர். 2025 ஜனவரியிலிருந்து ஃபீஸுக்கு 20 விழுக்காடு வாட் வரி வேறு. எங்களுக்குச் சொன்ன தொகை வரியோடு டெர்முக்கு 7,320 பவுண்டு. ஆண்டுக்கு மூன்று டெர்ம். காரில் ஏறியதும் இருவரும் பேசவில்லை, வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தோம். அதற்கு மேல் அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை.

ஆனால் கூட்டப் பள்ளியும் எல்லாருக்கும் இலவசம் என்று சொல்லிவிட முடியாது. ஃபீஸை வீட்டு விலையில் கட்டுகிறார்கள். நாட்டின் முதல் 10 விழுக்காட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அருகில் வீட்டு விலை சுமார் 8 விழுக்காடு கூடுதல் என்று 2017இல் கல்வித் துறையே கணக்குப் போட்டுக் காட்டியது. சிலர் விண்ணப்பத்துக்காக மட்டும் பள்ளி பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, சொந்த வீட்டையும் வைத்திருப்பார்கள். உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் தன் வரிக் கணக்கை (கவுன்சில் டேக்ஸ்) பார்த்துக் கண்டுபிடித்தால், கொடுத்த இடத்தையும் பிடுங்கிவிடுவார்கள்.

சின்னவனுக்கு இப்போது மூன்று வயது. அக்கா அங்கே இருப்பதால் அவனுக்கு இடம் ஏறக்குறைய உறுதி, 0.43ஆ 0.58ஆ என்று ராத்திரியில் மேப்பை வைத்துக்கொண்டு அளக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்துக்குள் வீடு மாறினால் இந்தச் சலுகை அப்படியே இருக்குமா என்று கவுன்சில் விதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறாராம். போன வாரம் விளம்பரம் வந்தது. முதல் வரியிலேயே கூட்டப் பள்ளியின் பேர், அப்புறம்தான் எத்தனை பெட்ரூம் என்பது.