ரூ. 18,500 போச்சு: 'ரன் எனிவே' அழுத்தும் முன் படியுங்கள்

நெல்லை டவுனில் எங்களுக்குப் பாத்திரக்கடை. ஆனித் திருவிழா வியாபாரத்துக்கு முன்னால் பில் போடும் மென்பொருளை மாற்றிவிடலாம் என்று வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் முந்தாநாள் 18,500 ரூபாய் கட்டினேன். கடைக்காரர் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினார், ஜிப் ஃபைல், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

திறந்ததும் விண்டோஸ் நீலக் கட்டம் போட்டு நிறுத்தியது, அறியாத செயலி, ஓட்டினால் கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்று. நான் அழுத்தவில்லை, அவருக்குத்தான் போன் போட்டேன். "அது எல்லாருக்கும் வரும் அண்ணாச்சி, மோர் இன்ஃபோவை அமுக்கி ரன் எனிவே குடுங்க, நான் சொல்லுதேன்லா" என்றார். பல வருஷமாக அவரிடம்தான் பிரிண்டர் இங்க் வாங்குகிறேன், அப்பா தவறியபோது வீட்டுக்கு வந்து துக்கம் கேட்ட மனிதர், அவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? அழுத்தினேன். அப்புறம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் தடுத்தது, அதையும் அணைக்கச் சொன்னார், அணைத்தேன்.

நேற்றுக் காலை ஒரு பில்லும் திறக்கவில்லை. ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் என்னென்னவோ எழுத்துகள், பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நாலு வருஷக் கணக்கு, யார் யார் பாக்கி தரவேண்டும் என்ற பட்டியல், எல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

போன் செய்தால் "மத்தியானம் வாரேன்". மத்தியானம் கடைப்பையன் எடுத்து "முதலாளி தென்காசி போயிருக்காவ" என்கிறான். சாயங்காலம் நேரில் போய் நின்றேன், தென்காசி போனவர் கடையில்தான் இருந்தார்! உங்கள் கம்ப்யூட்டரில் முன்னாடியே வைரஸ் இருந்திருக்கும் என்று நாலு பேர் முன்னால் சொல்கிறார். 18,500-ஐத் திருப்பிக் கேட்டால் லைசென்ஸ் கொடுத்தாச்சாம். மென்பொருள் நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டேன், அப்படி ஒரு லைசென்ஸ் எண்ணே அவர்களிடம் இல்லை. கிராக் பண்ணிய, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு ஃபைலுக்கு 18,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

நெட்டில் இறக்கிய ஃபைலுக்கு பிரவுசர் ஓர் அடையாளம் வைக்கும், அதை வைத்துத்தான் அந்த நீலக் கட்டம் வருகிறது. புதிதாக வந்த நல்ல மென்பொருளுக்கும் சில நேரம் வரும், அதைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள். ஆனால் டிஃபெண்டரையே அணைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பும் வேண்டாம், உள்ளே இருப்பதை ஸ்கேன் பார்க்க முடியாது. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, வயரைக் கழற்றி வையுங்கள்.

சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குச் சொல்லிவிட்டேன், இப்போது புகாரை எழுதிக் கொடுக்கக் கிளம்புகிறேன். 18,500 என்று அவர் கையாலேயே எழுதிய ரசீது என்னிடம் இருக்கிறது.