கடிவாளம் யார் கையில்? ஆட்டிசக் குழந்தைகளுக்கான மூன்று மெய்நிகர் பயிற்சிகள்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு விஆர், அதாவது கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகில், பயிற்சி தருவதாகச் சொல்லும் எவரும் 'உங்கள் குழந்தைக்கேற்பத் தானே மாறிக்கொள்ளும்' என்ற வரியை விட்டுவைப்பதில்லை. எதைப் பார்த்து மாறுகிறது, மாற்றுவது யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆனால் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வாளர் டோரதி ஸ்ட்ரிக்லண்ட் 1996-இல் ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளிடம் விஆரைச் சோதித்தபோது, கண்ணை மூடிக் காட்சி காட்டும் கனத்த ஹெட்செட்டைத் தலையில் வைக்கவே விடமாட்டார்கள் என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. குழந்தைகள் ஏற்றுக்கொண்டார்கள், உள்ளே தெரிந்த கார்களை அடையாளமும் கண்டார்கள். இன்றைய முயற்சிகள் பலவற்றுக்கும் அதுவே தொடக்கம். அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 'நீல அறை'. இதில் ஹெட்செட்டே கிடையாது. குழந்தையைச் சுற்றியுள்ள சுவர்களிலேயே காட்சி விழுகிறது; உளவியலாளர் பக்கத்திலேயே இருக்கிறார். நெரிசலான பஸ், புறா என்று எதைக் கண்டு குழந்தை நடுங்குகிறதோ அதை மட்டும் வைத்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் காட்சி அமைக்கிறார்கள். முதலில் மனத்தைத் தளர்த்தும் பயிற்சி. பிறகு பயம் தரும் காட்சி கொஞ்சமாக வருகிறது. குழந்தை தாங்கினால் இன்னும் கொஞ்சம். ஒரு அமர்வு இருபது முப்பது நிமிடம், மொத்தம் நான்கு அமர்வுகள்.

2014-இல் வெளிவந்த முதல் ஆய்வில் ஒன்பது சிறுவர்கள். எட்டுப் பேர் தங்கள் பயத்தை நேரில் சந்திக்கும் நிலைக்கு வந்தார்கள், நான்கு பேருக்கு அது முழுவதும் போய்விட்டது. ஒன்பது பேரை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாதுதான். பின்னர் 32 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனேயும் மறு பாதிக்கு ஆறு மாதம் கழித்தும் சிகிச்சை தந்து பார்த்தார்கள். பலன் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. குறை என்று பார்த்தால், அறையைத் தேடிக் குடும்பம் போக வேண்டும். அறை வீட்டுக்கு வராது.

இரண்டாவது வகையில் கடிவாளம் கணினியிடம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நீலாஞ்சன் சர்க்காரின் குழுவும், அங்கே ஆய்வு செய்துவிட்டுக் காந்திநகர் ஐஐடிக்கு வந்த உத்தமா லாஹிரியும் செய்த வேலைகள் இவ்வகை. திரையில் தோன்றும் பாத்திரம் பேசுகிறது, கேள்வி கேட்கிறது. குழந்தையின் விடையோடு நாடித் துடிப்பு, தோலின் வெப்பம், கண் போகும் திசை ஆகியவற்றையும் கருவி கவனித்து, அடுத்த கட்டத்தைக் கடினமாக்கலாமா என்று முடிவெடுக்கிறது.

இதன் அருமை எளிதில் புலப்படாது. ஒரு பையன் ஐந்து கேள்விக்கும் சரியாக விடை சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் மென்பொருள் அவனை உடனே மேல் கட்டத்துக்குத் தள்ளும். அவனோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாத குழந்தையின் பதற்றம் நாடியில் தெரியும் என்றால், அது பெற்ற தாய்க்கும் கிடைக்காத தகவல்.

ஆனால் கண் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வாண்டர்பில்ட்டின் மெய்நிகர் கார் ஓட்டும் பயிற்சியில் பதின்பருவத்தினர் எங்கேயும் மோதாமல் ஓட்டினால் மட்டும் போதாது. சிக்னல், எதிரே வரும் வண்டி போன்றவற்றை உண்மையில் பார்த்தார்களா என்றும் அந்தப் பயிற்சியின் ஒரு வடிவம் சரிபார்க்கிறது. இது நியாயம். சிக்னலைப் பார்க்காதவன் இன்று தப்பினாலும் நாளை மாட்டுவான். அதே தொழில்நுட்பத்தை உரையாடலுக்குக் கொண்டுவந்து, எதிரே பேசுபவரின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தான் என்று கணக்கெடுப்பது வேறு சங்கதி. கண்ணைப் பார்த்துப் பேசுவது உடல்வலிபோல் இருக்கிறது, பார்த்தால் காதில் எதுவும் ஏறுவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். தரையைப் பார்த்தபடியே ஒரு சொல் விடாமல் கேட்கிற குழந்தையைக் கருவி 'கவனமில்லை' என்று குறித்துவைத்தால், பயிற்சி தேவைப்படுவது கருவிக்குத்தான்.

மூன்றாவது, விஜய் ரவீந்திரன் தன் மகனை முன்னிட்டு 2016-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃப்ளோரியோ' நிறுவனத்தின் பயிற்சி. குழந்தை ஹெட்செட் மாட்டிக்கொள்கிறது. அது பார்ப்பதையெல்லாம் பெற்றோரோ தெரபிஸ்டோ டேப்லெட்டில் பார்த்து, காட்சியை அங்கிருந்தே நடத்துகிறார். நாடி, தோல் என்று எதையும் அளக்க வேண்டியதில்லை. பலம், பலவீனம் இரண்டும் டேப்லெட் வைத்திருப்பவரைப் பொறுத்தவை. குழந்தை கையை உதறத் தொடங்கினால் அது மகிழ்ச்சியா பதற்றமா என்று அறிந்தவருக்கு எந்த உணரியும் தேவையில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்சியாளருக்கு அது தெரியாது. அங்கே கணினியே தேவலாம்.

ஆக, குறிப்பிட்ட ஒரு பயம்தான் சிக்கல் என்றால் என் ஓட்டு நீல அறைக்கு. தலையில் தொப்பியே நிற்காத குழந்தைக்கும் அது பொருந்தும். சாலையைக் கடப்பது, கார் ஓட்டுவது போல எங்கே பார்க்கிறோம் என்பதே உயிர்காக்கும் திறன்களுக்குக் கணினிவழி. அன்றாடப் பேச்சு, வரிசையில் நிற்பது போன்றவற்றுக்குக் குழந்தையை அறிந்த மனிதர் கையிலுள்ள டேப்லெட். நாடியை அளந்து பெரியவருக்குச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடும் கருவிதான் நான் அதிகம் விரும்புவது. தானே முடிவெடுப்பதையே பெருமையாகப் பேசும் நிறுவனங்களுக்கு அது ருசிக்காது.

மூன்றுக்கும் நான்காவதாக ஒரு போட்டியாளர் உண்டு: நிஜ பஸ். திரைக்குள் கற்றது வெளியே வருமா என்பது ஆட்டிசத்தில் பழைய சிக்கல். ஓரிடத்தில் படிந்த பழக்கம் வேறிடத்தில் கைகொடுக்காமல் போவது சாதாரணம். நியூகாசிலில்கூட அறையோடு விடுவதில்லை, பிறகு உண்மையான இடத்துக்குப் படிப்படியாக அழைத்துப் போகிறார்கள். கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரே ஒரு நிறுத்தம் வரை பஸ்ஸில் போய் இறங்க முடிகிற குழந்தைக்கு ஹெட்செட் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்தலாம். பஸ் ஒலித்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தைக்குத்தான் மெய்நிகர் உலகம் உதவும்; அங்கே ஹாரன் ஒலியைக் குறைத்துவைக்கலாம், மற்ற பயணிகளை இறக்கிவிடலாம், பஸ்ஸையே பாதியில் நிறுத்தலாம்.

வாங்கும் முன் பெட்டியில் போட்டிருக்கும் வயதையும் பாருங்கள். கடையில் விற்கும் ஹெட்செட்டுகளை மெட்டா 10 வயது முதல்தான், அந்தச் சின்ன வயதில் பெற்றோர் மேற்பார்வையில்தான் அனுமதிக்கிறது; சோனிக்கு 12. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைப் பரிந்துரைக்கும் மையத்திடம், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.