போஸ்டர், மரண அறிவித்தல், கல்வெட்டு: எது ஆளைச் சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருவர் காலையில் இறந்தால் மதியத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். வேகத்தில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. படம், தோற்றம், மறைவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். தினமும் பார்த்துச் சிரித்துப் பழகியும் பெயர் தெரியாமலே இருந்த டீக்கடைக்காரருக்குக்கூட சேதி போய்ச் சேரும். ஆனால் இறந்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலே அதிகம். ஒட்டியவர்களின் பெயரும் பதவியும் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மழை வந்தால் அதுவும் போச்சு.

இலங்கைத் தமிழரின் மரண அறிவித்தல் வேறு மாதிரி. வானொலியில் வாசித்த காலம் போய் இணையம் வந்த பிறகும் அதன் நடை பெரிதாக மாறவில்லை. ‘பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, அன்னார் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்கு மைத்துனர் என்று நீளும். வெறும் உறவுப் பட்டியல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்று இருக்கும். பிறந்தது தீவுப்பகுதியில் ஒரு ஊர், இருந்தது வவுனியா, பிள்ளைகள் நாலு நாட்டில். போர் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பது அந்த ஐந்தாறு வரியிலேயே இருக்கிறது. ஆனால் ஆள் எப்படிப்பட்டவர்? ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’ என்பதோடு சரி. வீட்டில் இருந்த பெண் என்றால் அதுவும் கிடையாது.

நான் கல்வெட்டின் பக்கம்தான். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. நினைவு மலர் என்றும் சொல்வார்கள். தேவார திருவாசகம் இருக்கும். ஆண்டுத் திவசத்துக்கு நாள் தப்பாமல் இருக்க, இறந்த திதியைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பா இருக்கும். அப்புறம் வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், சிலவற்றில் வம்சாவளி, கூட வேலை பார்த்தவர்களின் நினைவுகள். எந்தப் பள்ளியில் படித்தார், எந்தக் கோயில் திருப்பணியில் நின்றார், எந்த வருஷம் இடம்பெயர்ந்தார் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, அடுத்து வந்த போரில் வீட்டு ஆவணங்களும் அழிந்துபோன மண்ணில், ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு இவை பெரிய துணை. இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் இவற்றையும் மின்வருடி இணையத்தில் சேர்த்து வைத்திருப்பது அருமையான வேலை.

கல்வெட்டிலும் குறை உண்டு. புகழ்ச்சிதான் அதிகம். புலம்பல் பாட்டில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். பெண்களின் வரலாறு பெரும்பாலும் கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. இதுதான் என்னை மிகவும் வருத்துவது.

போஸ்டர் சேதி சொல்லட்டும், அறிவித்தல் உறவுகளைக் கூட்டட்டும். ஆனால் தமிழ்நாட்டிலும் பதினாறாம் நாள் காரியத்துக்குள் நாலு பக்கமாவது எழுதி அச்சடித்துக் கொடுக்கலாம். பிறந்த ஊர், பார்த்த வேலை, வாங்கிய முதல் சம்பளம், பட்ட கடன், யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதெல்லாம் வரட்டும். அம்மாவைப் பற்றி எழுதுவதாக இருந்தால் முதலில் அவருடைய கூடப்பிறந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய கதை அவர்களுக்குத்தான் தெரியும்.