கள்ளு ஈஸ்ட்டா, எண்ணெய் ஈஸ்ட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மழைக்கு முந்தின சாயங்காலங்களில், செம்பனை ஆலைக் குளத்து வாடை டவுன் வரைக்கும் வந்துவிடும். "இதில் ரெண்டு பாக்கெட் ஈஸ்ட் கொட்டினால் சுத்தமாகாதா அண்ணே?" என்று தே தாரிக் குடித்தபடி ஒரு தம்பி கேட்டான். கொட்டலாம்தான். எந்த ஈஸ்ட் என்பதில் இருக்கிறது விஷயம்.

தம்பி சொன்னது சாக்கரோமைசிஸ். ரொட்டியை உப்பவைப்பது, கள்ளுப் பானையில் நுரைப்பது. விஷத்தைத் தாங்குவதில் கெட்டிக்கார ஈஸ்ட். ஈயமும் காட்மியமும் அதன் தடித்த செல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தப்பி உள்ளே போன காட்மியத்தை குளுட்டாதயோன் என்ற தன் சிறு மூலக்கூறோடு கட்டி, நுண்குமிழ் ஒன்றில் போட்டுப் பூட்டிவிடும். செத்த செல்கூட உலோகத்தைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, தின்பது வேறு. ஆலைக் கழிவில் மிதக்கும் எண்ணெயை இது சீண்டாது.

ஃபீனால் என்ற நச்சுக்குப் போனால் ஆட்டம் மாறுகிறது. கார்பாலிக் சோப்பில் அடிக்கும் வாடை அதனுடையதுதான். கேண்டிடா டிராப்பிகாலிஸ் என்ற ஈஸ்ட் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து கேட்டக்கால் என்ற சேர்மமாக்கி, அதன் கார்பன் வளையத்தை அறுத்து, மிச்சத்தைச் சாப்பாடாக்கிக்கொள்கிறது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவும் இதே வேலையைச் செய்யும், பெரும்பாலும் வேகமாகவே. ஆனால் நீர் புளித்து பிஎச் 4க்கு இறங்கினால் பாக்டீரியா சுருண்டுவிடும், ஈஸ்ட் அசையாது.

என் அம்மா எண்பதுகளில் தோட்டத்தில் மருந்து அடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. வலது கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த விரலால்தான் சோறு பிசைவார். அதனால் லிப்போமைசிஸ் ஸ்டார்க்கியை என்ற மண் ஈஸ்ட்டைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராகுவாட்டை உடைத்து, தனக்கு வேண்டிய நைட்ரஜனை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சர்க்கரை மட்டும் வேறு இடத்திலிருந்து கிடைக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், களிமண்ணில் பாராகுவாட் இறுக ஒட்டிக்கொள்ளும். அங்கே ஈஸ்ட்டுக்கு எட்டாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்கு முழுத் தடை.

சரி, ஆலைக் குளம். புளிப்பும் எண்ணெயுமான அந்த நீரில் பிஓடி (கழிவைத் தின்ன நுண்ணுயிர் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். ஆற்றில் விட அதை 100க்குக் கீழே கொண்டுவர வேண்டும். என் ஓட்டு யாரோவியா லிப்போலிட்டிகாவுக்கு. லைப்பேஸ் நொதியைக் கக்கி, கொழுப்பை உடைத்துத் தின்கிற ஈஸ்ட். மும்பைக் கடலில் எடுத்த ஒரு ரகத்தை வைத்துச் செய்து, 2002இல் வெளியான ஆய்வில், செம்பனைக் கழிவின் சிஓடி (கழிவை வேதிப்பொருளால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) இரண்டே நாளில் 95 சதவீதம் போல இறங்கியது. அதுவும் ஆய்வுக்கூடத்தில்தான். குளத்தில் இது வேலை செய்யக் காற்று ஊத வேண்டும், அதற்குக் கரண்டு பில். எதிரே இருக்கும் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்க் கூட்டமோ காற்றே இல்லாத தொட்டியில் கிடந்து மீத்தேன் தருகிறது, அதை எரித்துக் கரண்டே எடுக்கலாம். கணக்குப் பார்க்கிற ஆலைக்காரர் எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் மிகுந்து பாக்டீரியாவைத் தடுமாற வைக்கும் முதல் குளத்தில் மட்டும் யாரோவியாவை விட்டுப் பார்க்கலாம் என்பேன். அப்புறம், ஆலையை விட்டு வரும்போது அந்த நீர் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 30க்கு ஆறவிடாமல் ஊற்றினால் எந்த ஈஸ்ட்டும் வெந்துபோகும்.

தம்பியின் பாக்கெட்டை அவன் வீட்டு அப்ப மாவுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.