சென் லூயி மெழுகு வார்ப்பு அருங்காட்சியகம்: அலிபேரின் கண்வழிப் பாடம்

பாரிஸ் நகரின் பத்தாவது வட்டாரத்தில், பிளேக் நோயாளிகளுக்காக 1607இல் நான்காம் ஹென்றி மன்னர் நிறுவிய சென் லூயி மருத்துவமனையின் வளாகத்திலேயே இந்த அருங்காட்சியகம் இருக்கிறது. வழக்கமான சுற்றுலா இடமல்ல என்பதால், முன்கூட்டியே தொடர்புகொண்டு நேரம் பெற்றுச் செல்வதே முறை.

சுவர் நெடுகக் கண்ணாடிப் பேழைகளில், தோல் நோய்களைக் காட்டும் 4,800க்கும் மேற்பட்ட மெழுகு வார்ப்புகள் அடுக்கப்பட்டுள்ளன. நோயாளியின் தோல்மீதே அச்செடுத்து, அதில் மெழுகு வார்த்து, அவரை அருகில் வைத்துக்கொண்டு நிறம் தீட்டி, கருப்புப் பலகையில் வெள்ளைத் துணி விளிம்போடு பொருத்தியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதியைச் செய்த ஜூல் பாரெட்டா, அதற்கு முன்பு காகிதக்கூழில் பழங்கள் செய்து விற்ற கைவினைஞர். ஒரு குழந்தையின் கன்னத்துப் புண்ணில் அவர் காட்டியிருக்கும் ஈரப் பளபளப்பை எந்தப் புகைப்படத்திலும் நான் கண்டதில்லை.

இந்தக் கூடம் திறக்கப்பட்டது 1889இல். ஆனால் இதற்கு வித்திட்டவராக நான் கருதுவது, அதற்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட தோல் நோய் மருத்துவர் ழான் லூயி அலிபேரைத்தான். 1801இல் இங்கே பணியேற்ற அவர், நோயாளிகளை முற்றத்து லிண்டன் மரங்களின் கீழ் வரவழைத்து, கூடிநின்ற மாணவர்களுக்கு அவர்களின் தோலைக் காட்டியே பாடம் நடத்தினார். 1806 முதல் அவர் வெளியிட்ட வண்ணப் படத் தொகுப்பும் அதே நோக்கம் கொண்டதுதான். தோல் நோயைச் சொல்லால் மட்டும் கற்பிக்க முடியாது, கண்ணால் பார்த்தே பழக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவருடைய வகைப்பாட்டை இன்று எவரும் பின்பற்றுவதில்லை. தோல் நோய்களையெல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகவும் சிறு கொம்புகளாகவும் வரைந்து 1829இல் அவர் முன்வைத்த மரம், பார்ப்பதற்கு அழகானது, பயன்படுத்தக் கடினமானது. லண்டனில் ராபர்ட் வில்லன் என்ற மருத்துவர், தோலில் முதலில் தென்படும் கொப்புளமா, தடிப்பா, செதிலா என்பதைக் கொண்டு வகுத்த எளிய முறையை, அலிபேரின் மாணவரான லொரான் பியெத்தே இதே மருத்துவமனையில் நிலைநாட்டினார். அந்த விவாதத்தில் மாணவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

சொறி நோயை உண்டாக்கும் பூச்சியின் கதையும் இந்த வளாகத்துக்கு உரியதே. 1812இல் கலேஸ் என்பவர் சொறியிலிருந்து எடுத்ததாகக் காட்டிய பூச்சி, பாலாடைக்கட்டியில் வாழும் சிற்றுண்ணி என்று பின்னர் அம்பலமானது. அதனால் உண்மையான பூச்சியையே மருத்துவர்கள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்கள். 1834இல், கோர்சிகாத் தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதைப் போலவே ஊசி முனையால் பூச்சியை எடுத்து, அலிபேரின் நோயாளிகளிடமே அதை மெய்ப்பித்தார்.

மருத்துவ மாணவர்கள் அரை நாளாவது ஒதுக்கிச் செல்லுங்கள். பெயர்ச்சீட்டுகள் பிரெஞ்சில் இருப்பதால், அந்த மொழி அறிந்த ஒருவர் உடனிருந்தால் நல்லது. பச்சிளங் குழந்தைகளின் சிபிலிஸ் புண்களும் இங்கே இருப்பதால், சிறுவர்களை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெலாய்டு தழும்பின் வார்ப்புகளைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். தழும்பின் ஓரங்கள் நல்ல தோலுக்குள் நீண்டு பற்றுவதைக் கண்டு, நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அலிபேர் இட்ட பெயர் அது.