பச்சைத் தண்ணீரை நீலமாக்கிக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள், கவனம்

வீட்டு நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகி, "ஒரே நாள்ல கிளியர் பண்ணித் தர்றோம்" என்று யாராவது வந்து நின்றால், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் சுத்தம் செய்ய வந்தவரின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் இதையேதான் செய்கிறாரா என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய், பம்பு நின்றுவிட்டது. மழைத் தண்ணீரோடு வேப்பிலையும் சருகும் சேறும் குளத்தில் இறங்கின. கரண்ட் திரும்பி வந்தபோது இறங்கும் படிகளில் இரண்டாவது படிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பச்சை. முப்பதுக்குப் பதினைந்து அடிக் குளம், சராசரி ஆழம் நாலரை அடி, சுமார் 57,000 லிட்டர் தண்ணீர். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். தண்ணீருக்குள் நடப்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே நிம்மதியான உடற்பயிற்சி. அதனால் எங்களுக்கு அவசரம், அந்த அவசரத்தை வந்தவர் நன்றாகவே புரிந்துகொண்டார்.

ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வெளுப்பாக இருப்பதைக் காட்டி "குளோரின் கம்மி மேடம்" என்றார். பரிசோதனை அவ்வளவுதான். கார அமில அளவைப் பார்க்கவில்லை. குளோரினைத் தாங்கிப்பிடிக்கும் சயனூரிக் அமிலம் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. லேபிள் கிழிக்கப்பட்ட டப்பாக்களைக் காட்டி "ஜெர்மன் கெமிக்கல், இங்க கிடைக்காது" என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார். பத்தாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு மாலையில் எதையோ கொட்டிக் கலக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குளம் பளிச்சென்று நீலமாக இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தையும் வாங்கிப் போய்விட்டார்.

சில நாட்களிலேயே தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது, சுவரைத் தொட்டால் வழவழப்பு. டைல்ஸ் இடுக்குகளில் நீலப்பச்சைக் கறை ஏறியது. எல்லாவற்றையும்விட எங்களைப் பதற வைத்தது வேறொன்று. குளத்தில் இறங்கி நடந்துவிட்டு வந்த அத்தையின் நரைமுடியில் பச்சை படிந்துவிட்டது, எத்தனை முறை அலசியும் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், பயந்துபோய் வெளியே வரவே கூச்சப்பட்டார்.

என்ன கொட்டினார் என்பதைக் கண்டுபிடித்தது கம்பத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா. மோட்டார் ரூமில் சிந்திக் கிடந்த நீலக் கற்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது மயில்துத்தம்லம்மா? நாங்க திராட்சைக்குச் சுண்ணாம்போட கலந்து அடிப்போமே. இதையா குளிக்கிற தண்ணில போட்டான்?" என்றார்.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். எடையில் கால் பங்கு செம்பு. எங்கள் அளவுக் குளத்தில் ஒரு கிலோ போட்டாலே லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்கு மேல் செம்பு கலந்துவிடும். பாசியைக் கட்டுப்படுத்த அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே போதும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவே 1.5 மில்லிகிராம்தான். செம்பு பாசியைக் கொல்லும், தண்ணீருக்கு நீலமும் கொடுக்கும், ஆனால் கிருமிகளைக் குளோரின் கொல்லும் வேகத்தில் கொல்லாது. குளோரினைப் போல வெயிலில் தீர்ந்தும் போகாது. தண்ணீர் கொஞ்சம் காரமாகிவிட்டால் சுவரிலும் இடுக்கிலும் கறையாக இறங்கும். நரைமுடியில் ஏறிய பச்சையும் அந்தச் செம்புதான்.

இன்னொரு கெடுதலும் செய்திருந்தார். கலங்கலை அடியில் படியவைக்கப் படிகாரம் போட்டிருக்கிறார். அது தப்பில்லை, பழைய வழிதான். ஆனால் படிகாரம் போட்டுக் கலக்கியதும் பம்பை நிறுத்தி, இரவு முழுவதும் தண்ணீரை அசையாமல் விட்டு, அடியில் படிந்ததை ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே உறிஞ்ச வேண்டும். வால்வில் அதற்கென்றே 'வேஸ்ட்' என்று தனி நிலை இருக்கிறது. இவர் ஃபில்டரை ஓடவிட்டே போயிருக்கிறார். பிசுபிசுப்பான அந்தக் கசடு முழுவதும் ஃபில்டரின் மணலில் இறுகி, பேக்வாஷ் செய்தும் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவியும்) பிரஷர் இறங்கவில்லை.

மறுபடி கூப்பிட்டோம். வந்தவர் டி.சி.சி.ஏ. என்கிற குளோரின் தூளை டப்பா டப்பாவாகக் கொட்டினார், அதற்குத் தனிக் காசு. சொட்டு மருந்துக் குழாயில் நிறம் ஆரஞ்சாக மாறியது, பாசி மட்டும் போகவில்லை. அந்தத் தூளில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம்தான். எங்கள் குளத்தில் ஒரு கிலோ போட்டால் அதன் அளவு பத்து பி.பி.எம். (லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்) போல ஏறும், ஏறினால் தானாக இறங்காது. 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும், அதற்கு மேல் போகப் போகக் குளோரினின் வேகத்தைக் குறைக்கும். நாங்கள் தனியாக வாங்கிப் பார்த்த பரிசோதனைக் கிட் நூறு வரைதான் காட்டும், அதையும் தாண்டியிருந்தது.

அடுத்துச் சொன்னதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காத விஷயம். "தண்ணியே கெட்டுப்போச்சு மேடம், மொத்தமா இறைச்சுட்டு ஆசிட் வாஷ் பண்ணி, மணல் மாத்திடலாம், 65,000 ஆகும்." அப்போது ஜனவரி. எங்கள் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கும்போது குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து தண்ணீர் முட்டித் தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் கனம்தான் தொட்டியை அழுத்தி வைத்திருக்கிறது. அது போனால் தரை எழும்பும், சுவர் வெடிக்கும், ஃபைபர் தொட்டியாக இருந்தால் அப்படியே மேலே வந்துவிடும். இதே கடற்கரையில் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருந்தாலும் குற்றம், தெரிந்தே சொன்னாலும் குற்றம். நாங்கள் மறுத்துவிட்டோம். அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

கிணறு நன்றாக இறங்கிய பிறகு, ஏப்ரலில்தான் மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரை மாற்றினோம். பக்கத்து ரிசார்ட்டில் குளம் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் வழிகாட்டினார். ரகசியக் கெமிக்கல் எதுவும் அவரிடம் இல்லை. திரவக் குளோரின், நைலான் பிரஷ், பொறுமை, அவ்வளவுதான். சயனூரிக் அமிலம் 40 இருந்தால் குளோரினை 16 பி.பி.எம். வரை ஏற்றி, இறங்க இறங்க ஊற்றி அங்கேயே நிறுத்த வேண்டும் என்றார். எங்கள் குளத்துக்கு அது பத்து சதவீதத் திரவத்தில் முதல் தடவை சுமார் ஒன்பது லிட்டர். தினமும் சுவரைத் தேய்த்து, ஃபில்டரை இடைவிடாமல் ஓட்டினோம். பச்சை முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு தெளிந்தது. வேலை முடிந்ததா என்று பார்க்க அவர் சொன்ன வழி: இருட்டிய பின் குளோரின் அளவைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பி.பி.எம்.மை விடக் குறைவாக இறங்கியிருந்தால் பாசி செத்துவிட்டது. மீதிப் பணத்தை அந்த அளவைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், நிறத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

உயிருக்கே ஆபத்தான ஒரு விஷயம்: டி.சி.சி.ஏ.வையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேர விடாதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். ஆசிட்டோடு குளோரின் எதுவும் சேர்ந்தால் விஷவாயு. அந்த ஆள் மூன்றையும் எங்கள் மோட்டார் ரூமில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார், அங்கேதான் வாட்ச்மேனின் கட்டிலும் கிடந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அவர் பில் கொடுக்கவில்லை, ஆனால் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் கறை படிந்த டைல்ஸின் படங்களும் இருக்கின்றன. இதே பகுதியில் வேறு யார் வீட்டிலாவது லேபிள் இல்லாத டப்பாவோடு வந்து இப்படிச் செய்திருந்தால், தேதியும் படங்களும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், வக்கீலிடம் கொடுக்கிறேன்.