வெள்ளை ரஸ்ட் கன்வெர்ட்டர்: ஊட்டி ஈரத்துக்குத் தாங்குமா?

அம்பாசடர், பத்மினி கார்கள் இரண்டுக்கும் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும்தான் வண்டியின் எலும்பு. அங்கே பிடிக்கும் துருவுக்கு பெயிண்ட் கடையில் விற்கும் பால் நிற ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றும் பூச்சு) போதுமா என்றால், சமதளத்தில் பெரும்பாலும் போதும். நீலகிரியில் மாதமும் நேரமும் பார்த்துப் பூசினால்தான் போதும்.

இதில் இருப்பது டானிக் அமிலமும் பாலிமரும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை கறுப்பது போலத்தான், அமிலம் துருவைக் கறுப்பான இரும்பு டானேட்டாக மாற்றும். பாலிமர் அதன்மேல் படலமாகப் படியும். துரு இல்லாத பளபள தகட்டில் பூசினால் வேலை செய்யாது. ஓட்டையை அடைக்கவும் செய்யாது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் இடத்தை வெட்டி, 20 கேஜ் தகடு வைத்து வெல்ட் அடிப்பது தவிர வழியில்லை.

பூசும் முன் ரப்பர் மேட்டையும் அடியில் இருக்கும் சணல் விரிப்பையும் எடுத்துவிட வேண்டும். மூடுபனி ஈரத்தைத் தேக்கி வைப்பதே அந்த விரிப்புதான். உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஆயில் கறையை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். தேவையான அளவை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். துரு பட்ட பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டால் மிச்சமும் கறுத்துக் கெட்டியாகிவிடும். மெல்லிய பூச்சு இரண்டு. அம்பாசடரின் உள்தரைக்கு அரை லிட்டர் போதும்.

சிக்கல் குளிரில். இது தண்ணீர் சேர்ந்த சரக்கு. 10 டிகிரிக்குக் கீழே படலம் சரியாகச் சேராமல் பொடியாக உதிரும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தகர ஷெட்டில் விட்ட டப்பா உறைந்து திரிந்துவிட்டால், மறுபடி கலக்கினாலும் சரியாகாது. வீட்டுக்குள் வைப்பதே நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் காலை 11 மணிக்குமேல் வெயில் இருக்கும்போது பூசலாம். கூடலூர்க்காரர்கள் தென்மேற்குப் பருவத்தையும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் அக்டோபர், நவம்பரையும் ஒதுக்கிவிடலாம்.

ஈரமானியெல்லாம் வேண்டாம். ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் காயாவிட்டால் அன்று டப்பாவைத் திறக்காதீர்கள். டப்பாவில் 24 மணி நேரம் காயவிடச் சொல்லியிருந்தால் இங்கே 48 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே என்ன அடிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிறுத்தினால் அது ஈரத்தை உள்ளே விடும். அதன்மேல் எனாமல் கட்டாயம். வெளியே தெரியும் பேனலில், பள்ளம் நிரப்பும் பட்டியும், ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரும் வரும் இடத்தில் இந்த வெள்ளைச் சரக்கையே தொடவேண்டாம். அடியில் இருக்கும் மென்மையான படலம் பிடிப்பைக் கெடுக்கும். அங்கே தேய்த்து வெறும் தகட்டுக்கு வருவதே ஒழுங்கு. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கன்வெர்ட்டர் வகையும் உதவும், ஆனால் மீதி அமிலத்தைக் கழுவி எடுக்காவிட்டால் எபாக்ஸியின் ஹார்டனர் வேலை செய்யாது. இரண்டு தகடு ஒட்டும் ஸ்பாட் வெல்ட் இடுக்கில் அந்த அமிலம் இறங்கினால் இந்த ஊர் மூடுபனியில் காயவே காயாது.

பெட்ரோல் டேங்குக்கு வெள்ளைக் கன்வெர்ட்டர் கூடவே கூடாது. படலம் உரிந்து ஃபில்டரை அடைக்கும்.

உள்தரை, டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம், பேட்டரி தட்டு: இந்த மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம். பெரிய டப்பா மலிவு என்று எடுக்காமல் சிறியதாக, தயாரிப்புத் தேதி பார்த்து எடுங்கள். குலுக்கும்போது கட்டி தட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.